ஜிலேபிக் கெண்டைக்குக் குடும்ப அட்டை கோரி

பெறுநர்: மீன்வளத் துறை உயர் அதிகாரிகள்
அனுப்புநர்: கத்திவாக்கம்வாசி ஒருவர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்படி மீனுக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஆனால் கள்ளத்தோணி ஏறி வந்ததல்ல. வளர்ப்புக்காக 1952-ல் இந்தியாவுக்கு அழைத்து வந்தது அரசேதான். ஏழே வருஷத்தில் மனசு மாறி, 1959-ல் இனி இதைப் பரப்பக் கூடாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு சொல்லிவிட்டது. மீன் அதற்கு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் அடைகாக்கிற தாய், வாயைத் திறந்து பதில் சொல்ல முடியுமா? ஏரி, குளம், கழி என்று பரவிக்கொண்டே போனது. இப்போது அதன் ஒன்றுவிட்ட தம்பி கிஃப்ட் திலேப்பியாவை வளர்க்கச் சொல்லி நீங்களே ஊக்கப்படுத்துகிறீர்கள். குளத்தைவிட்டு வெளியேறாதபடி வளர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். வடகிழக்குப் பருவமழைக்கு அதன் நகல் அனுப்பினீர்களா?

இருப்பிடச் சான்றுக்குக் குறைவில்லை. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்து அலையாத்திச் செடிகளில் அப்பிக்கொண்ட எண்ணெய். இந்த விலாசத்தில் குடித்தனம் நடத்த உப்பையும் தாங்க வேண்டும், பிராணவாயு குறைந்த தண்ணீரையும் தாங்க வேண்டும். ஜிலேபி இரண்டையும் தாங்கும். மடவையும் இறாலும் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. இவருக்காகவே இந்தக் கழியைத் தயார் செய்தீர்களோ என்று சிலர் கேட்கிறார்கள்; நான் கேட்கவில்லை.

டேங்க் கிளீனர் மீனும் மனு கொடுத்திருக்கிறார். கொளத்தூர் வண்ணமீன் கடையில் விரல் நீளத்தில் வாங்கிவந்து, தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும் யாரோ புண்ணியத்துக்கு ஏரியில் கொண்டுவிட, அங்கேயே தங்கியவர். முள்ளை விரித்து வலையைக் கிழிப்பவர் என்பதால் வலைக்காரர்கள் நன்னடத்தைச் சான்று தர மறுக்கிறார்கள்.

அண்மையில் குடியேறியவர் காக்கா ஆழி. மீன் அல்ல, தென் அமெரிக்க மட்டி. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவருக்குச் சேறு அகப்படுவதில்லை. பாய் விரித்தாற்போல் ஓடுதான், விரலைக் கிழிக்கிறது. இறாலுக்குப் புதைய இடமில்லை. அடியில் எங்கள் மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. இவர் கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் நீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் இவர் மனுவைத் தங்களிடம் கொடுப்பதா, துறைமுகத்திலா, நீர்வளத் துறையிலா? மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறோம். எந்த மேசை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சள் மட்டி சார்பாக