வானொலி, நிஜமாகவே வானிலிருந்து

கேள்வி: காருக்கும் வீட்டுக்கும் சாட்டிலைட் ரேடியோ வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? (ஒரு வாசகர், டல்லாஸ்)

பதில்: பர்ஸிலிருந்து! 2008-ல் சிரியஸ், எக்ஸ்எம் என்ற இரு சாட்டிலைட் ரேடியோ நிறுவனங்களும் இணைந்தபின் அமெரிக்காவில் ஒரே கடைதான். பேரம் பேச எதிர்க்கடை கிடையாது. புதுக் காரில் பெரும்பாலும் ரேடியோ உள்ளேயே இருக்கும். பூஜ்யம் எண் சேனலுக்குப் போனால் ரேடியோவின் அடையாள எண் தெரியும். அதைச் சொல்லிச் சந்தா கட்டுங்கள். முக்கியமாக, காரை வெட்டவெளியில் நிறுத்துங்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் பாட்டு, உங்கள் கார் ஷெட் கூரையைத் தாண்டாது! வீட்டிலும் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். தெற்குப் பார்த்த ஜன்னல் உத்தமம் (வாஸ்து அல்ல, செயற்கைக்கோள்கள் அந்தப் பக்கம்). அங்கே ஏற்கெனவே துளசித்தொட்டி இருந்தால் ஆன்டெனாவை மறந்துவிட்டு, செல்போன் ஆப்பில் கேளுங்கள். வீட்டில் அமைதியும் முக்கியமில்லையா?