போற்றுதல் என்னும் வினை: மயிலைப் பரண்களை முன்வைத்து ஓர் ஆய்வு

'போற்று' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதையாவது போற்றியாக வேண்டும். சும்மா போற்றிக்கொண்டிருக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், புகழ்தல், வணங்குதல் ஆகிய பொருள்களோடு காத்தல் என்பதையும் இச்சொல்லுக்குத் தருகிறது. மாலையும் பூட்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த காலம் அது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் இவ்விரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் வினைமுற்று. சுவரொட்டி, அழைப்பிதழ், மேடை எங்கும் வழங்குவது 'போற்றுவோம்' ஒன்றே. தன்மைப் பன்மை, எதிர்காலம். தன்மை ஒருமையில், இறந்தகாலத்தில், 'போற்றினேன்' என்று சொல்லும் ஒருவரைத் தெற்கு மாட வீதி முதல் பனகல் பூங்கா வரை தேடியும் காணோம். காரணம் இலக்கணம் அன்று. 'போற்றினேன்' என்றால், 'எங்கே, காட்டு' என்று கேட்டுவிடுவார்கள். கோயிலுக்குள் இந்தத் தொல்லை இல்லை. 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' 2021 ஆகஸ்டில் தொடங்கியது மயிலைக் கபாலீஸ்வரர் கோயிலில்தான். அர்ச்சனையில் வரும் 'போற்றி'க்குக் காலமும் இல்லை, எண்ணும் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை.

போற்றுதலுக்குக் கறாரான வரையறை வேண்டுவோர் கலித்தொகைக்குப் போக வேண்டும். தம்மோடு கூடியவரை விட்டு நீங்காதிருப்பதே போற்றுதல் என்கிறார் நல்லந்துவனார். அவர் பேசியது காதலரைப் பற்றி. ஆனாலும் வரையறை என்று வந்துவிட்டால், அதை எவர்சில்வர் டப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க ஆய்வாளனுக்கு முழு உரிமை உண்டு. பொருத்திப் பார்த்தால், மயிலாப்பூரில் தலைசிறந்த போற்றுதல் நடக்கும் இடம் சபா மேடையன்று, பரண். (புதிய பிளாட்டுகளில் லாஃப்ட்.)

அங்கே மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. பாட்டில் தொலைந்த மூடியும் இருக்கிறது, இரண்டும் சேராது. திரி போன கெரசின் ஸ்டவ், ஒரு காது உடைந்த வாணலி, நல்லி புடவை வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் வேறு கடைகளின் அட்டைப்பெட்டிகள். தீபாவளிக்கு முன்பு ஸ்டூல் போட்டு ஏறும் மருமகள் கேட்பாள்:

"அம்மா, இதெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும்டீ. எதுக்கானும் ஆகும்."

'இருக்கட்டும்' என்பது வியங்கோள். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வியங்கோள் வரும் என்பர் இலக்கணிகள். நான்கும் ஒரே நேரத்தில் வந்து அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மேற்படி மாமியாரின் வியங்கோள் டப்பாவை வாழ்த்துகிறது, மருமகளை வைகிறது, பழைய பேப்பர்காரர் மாடியேறக் கூடாதென்று விதிக்கிறது, பரண் தாங்க வேண்டுமென்று கபாலியை வேண்டுகிறது.

இதற்கு மேற்பட்ட நிலை 'பத்திரமா வெச்சிருக்கேன்'. வெறும் 'வெச்சிருக்கேன்' என்றால் பொருள் பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கும். 'பத்திரமா' என்ற அடை சேர்ந்ததோ, அது இனி யார் கைக்கும் அகப்படாது, வைத்தவர் கை உட்பட. பாஸ்போர்ட் அநேகமாக இவ்வகையைச் சாரும்.

மாறாக, மேடையில் போற்றப்படுபவை தங்குவதில்லை. பொன்னாடையைப் பாருங்கள். மார்கழிக் கச்சேரியில் ஒருவர் தோளில் விழுந்தது, மடிப்புக் கலையாமல் கவருக்குள் திரும்பி, பங்குனிக்குள் இன்னொருவர் தோளுக்குப் போய்விடுகிறது. நல்லந்துவனாரின் தேர்வில் பொன்னாடை தேறாது.

போற்றுதலின் இரு பொருளையும் இன்னும் கட்டிக் காப்பது கொலு. வருடம் முழுவதும் பரண் மேல் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றிய செட்டியார் பொம்மை உறங்குகிறார். புரட்டாசி அமாவாசையன்று பெட்டி இறங்குகிறது. பொம்மையைப் பிரிப்பவர், கிழிசலுக்கு மேல் சுற்றியிருந்த போன வருடத்துச் செய்தித்தாளைப் படிக்க உட்கார்ந்துவிடுவதால் அரை மணி நேரம் போகிறது. செட்டியாரின் மூக்கு ஃபெவிக்காலில் நிற்கிறது. கை போன கிருஷ்ணர் பின்வரிசைக்குத் தள்ளப்படுவாரே தவிர, குப்பைக்குப் போகமாட்டார். ஒன்பது நாள் விளக்கு, பாட்டு, சுண்டல். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, பிறகு மீண்டும் வேட்டிக் கிழிசல்.

இந்த வினையின் இரு பொருளையும் பிரித்ததன் விளைவு எப்படிப் போகும் என்பதற்கு உ.வே. சாமிநாதையரே சாட்சி. சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனவரிடம், சிதைந்த ஏடுகளைச் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, ஏடுதான் இல்லை. அவருக்கும் பின்னாளில் அதுவே நேர்ந்தது. மெரினாவைப் பார்த்தபடி மாநிலக் கல்லூரியில் சிலை, 2006இல் அஞ்சல்தலை. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' 2012இல் இடிக்கப்பட்டது.

அவருடைய சேகரிப்பில் தப்பித்தவை, ருக்மிணி தேவி அருண்டேல் 1943இல் அடையாற்றில் தொடங்கி, இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் நூலகத்துக்குப் போனவை. ஐயர் பரண் மரபைச் சேர்ந்தவர். சுவடி கிடக்கட்டும், தமக்கு வந்த கடிதங்களைக்கூட அவர் எறியவில்லை. 1877 முதல் 1900 வரை வந்தவை 2018இல் 'கடிதக் கருவூலம்' என்று அச்சேறின. 1903இல் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது, அந்தக் கடித மூட்டைகளைப் பார்த்து, 'இதையுமா தூக்கிண்டு போகணும்?' என்று வீட்டில் ஒருவராவது கேட்காமலா இருந்திருப்பார்கள்?