26 அடி சமஸ்தானம்

இங்கிலாந்தின் தென்கரையிலும் எதிரே உள்ள வைட் தீவிலும் லிமிங்டன், ஹாம்பிள், கௌஸ் என்று எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது 65-க்கு மேல். கடல்நீல ஸ்வெட்டர், முழங்கையில் போன வருஷத்துப் பெயின்ட். ஆனால் முகத்தைப் பார்ப்பது கஷ்டம். எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டிருப்பார். கால்களை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். 40 வருஷம் ஏதோ ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கோப்பு நகர்த்தியவர். இப்போது கேப்டன்.

கேப்டனாவதற்கு அந்த நாட்டில் பெரிய முஸ்தீபு ஒன்றும் வேண்டாம். கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். சொந்தப் பாய்மரப் படகில் பொழுதுபோக்காகக் கடலுக்குள் போக எவரும் எதையும் கேட்பதில்லை. படகு இருந்தால் சரி. பணத்துக்கும் வழி உண்டு. பென்ஷன் நிதியில் கால் பங்கை வரி கட்டாமல் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் ஒரு சலுகை வைத்திருக்கிறது. அந்தக் கால் பங்கை நம்பித்தான் அவர் மனைவி சமையலறைக்கு டைல்ஸ் மாதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தார். வந்து இறங்கியது 26 அடி வெஸ்டர்லி சென்டார்.

இந்த ரகப் படகு 1969 முதல் 1980 வரை 2000-க்கும் மேல் கட்டப்பட்டது. அடியில் ஒன்றுக்கு இரண்டு கீல் என்னும் அடிக்கட்டை. கடல் வற்றினால் சேற்றில் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். உலகத்தில் எத்தனையோ படகுகள் இருக்க, சேற்றில் நிற்பதற்கென்றே பெயர் வாங்கிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தாரே, அந்தத் தன்னறிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

மனைவியிடம் சொன்ன நியாயம் வேறு. "சிசெஸ்டர் என்ன வயசில் உலகத்தைச் சுத்தினார் தெரியுமா?" பிரான்சிஸ் சிசெஸ்டர் தன்னந்தனியாக, வழியில் சிட்னியில் மட்டும் தங்கி, 1967-இல் பிளைமவுத் திரும்பியபோது அவருக்கு 65. ராணி, பழைய கடலோடி டிரேக்கின் வாளால் தொட்டு சர் பட்டம் கொடுத்தார். அம்மணி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அவர் தனியாகத்தானே போனார்?"

இங்கேதான் கேப்டனின் உள்நோக்கம் வெளிப்படுகிறது. தனியாகப் போக அவருக்கு உத்தேசமே இல்லை. ஓய்வு பெற்றவர் ஓய்வுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைப்பது தப்பு. அவர் ஆசைப்படுவது இன்னொரு ஆபீஸுக்கு. இந்தத் தடவை தானே மேனேஜராக. மேனேஜர் என்றால் கீழே ஒரு சிப்பந்தியாவது வேண்டாமா? ஆக, படகில் பதிவேடு வந்தது. வேலைப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு அலமாரியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒட்டுச்சீட்டு வந்தது. டீத்தூள் டப்பாவுக்கு 7ஆம் எண் அலமாரி. டீ போடும் அம்மணிக்கு இதுவரை ஒரு தடவையும் அந்த எண் தேவைப்படவில்லை.

விருந்தாளி ஏறினால் முதல் வேலை கழிப்பறைச் சொற்பொழிவு. நின்றால் தலை இடிக்கும் அந்த அறையில் ஒரு பம்ப், ஒரு கைப்பிடி, இரண்டு வால்வு. எதை எப்போது திறப்பது, எத்தனை தடவை அடிப்பது, எதை மறந்தால் கடல் உள்ளே வரும் என்றெல்லாம் முழு விளக்கம். கேட்டு முடித்த சம்பந்தியம்மாள், கரை திரும்பும்வரை தாகம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்தது ஓதச் சொற்பொழிவு. சவுதாம்ப்டனில் கடல் ஏறும்போது உச்சம் ஒன்றோடு நிற்பதில்லை. சற்று இறங்கி மறுபடி ஏறும். "வைட் தீவுக்கு ரெண்டு பக்கம் வழி இருக்கு. ஒரு பக்கம் முதலில் தண்ணி வருது, இன்னொரு பக்கம் அப்புறமா வருது" என்பார், கையை வளைத்து வளைத்து. அந்தக் கரையில் பலரும் இதையே சொல்கிறார்கள். பத்தாவது படிக்கும் பேரன்தான் கெடுத்தான். "இல்லை தாத்தா, ஆங்கிலக் கால்வாய் ஆழம் குறைவு. அதனாலே அலையோட வடிவம் மாறுது. தீவே இல்லாட்டியும் அப்படித்தான் இருக்கும்." பேரனுக்கு உடனே நங்கூரச் சங்கிலி கழுவும் உத்தியோகம் கிடைத்தது.

மகளும் மருமகனும் படகில் ஏறுவதில்லை. மருமகனுக்குக் கட்டு அவிழ்ப்பதற்குள் குமட்டும். அவர்கள் லிமிங்டனில் ஃபெரி பிடித்து 40 நிமிஷத்தில் வைட் தீவின் யார்மத் போய், ஐஸ்கிரீம் வாங்கி, கரையில் உட்கார்ந்து சமஸ்தானத்தின் வருகைக்குக் காத்திருப்பார்கள். எதிர்க்காற்றானால் சமஸ்தானம் வருவதற்குள் சாப்பாட்டு வேளையும் வந்துவிடும்.

ஹர்ஸ்ட் கோட்டைப் பக்கம் போனால் கதை இன்னும் விசேஷம். எட்டாம் ஹென்றி கட்டிய கோட்டை அது. அதையொட்டிய குறுகலில், அமாவாசை பௌர்ணமி சமயங்களில், நீரோட்டம் மணிக்கு 4 கடல் மைலுக்கு மேல் இழுக்கும். நம் படகின் வேகமும் ஏறக்குறைய அதே. பாய் புடைத்திருக்கிறது, முன்னணியத்தில் நுரை பறக்கிறது, கேப்டன் கண்ணைச் சுருக்கித் தொடுவானத்தைப் பார்க்கிறார். கோட்டை மட்டும் அரைமணி நேரமாக அதே இடத்தில் இருக்கிறது. "நல்ல வேகம்" என்கிறார். அம்மணி பின்னலை எடுத்து நாலு வரி போட்டுவிட்டு நிமிர்கிறார். அதே கோட்டை.

சொலென்ட் நீரிணையின் நடுவே பிராம்பிள் என்று ஒரு மணல்மேடு. வருஷத்தில் ஒருநாள், கடல் அடியோடு வற்றும் வேளையில், இரண்டு படகுக் கழகத்தார் அதன்மேல் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கேப்டன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டையில்லாமலே அங்கே போய்ச் சேர்ந்தார். இரண்டு கீலும் தம் கடமையைச் செய்தன. படகு நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் படகுகள் மெதுவாகப் போயின, பார்க்க வேண்டாமா? "2008-இல் குயீன் எலிசபெத் 2 கப்பலே இங்கேதான் தட்டி நின்றது" என்று அவர் சத்தமாகச் சொன்னார். உண்மைதான். அந்தக் கப்பல் தன் கடைசிப் பயணத்துக்காகச் சவுதாம்ப்டன் திரும்பும்போது தட்டியது. அதற்கு இழுவைக் கப்பல்கள் வந்தன. இவர் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தார். சாண்ட்விச் 4ஆம் எண் அலமாரி.

ஆனால் இல்லறத்துக்குச் சோதனை நடுக்கடலில் வருவதில்லை. படகைத் துறையில் கட்டும்போதுதான் வருகிறது. "கயிறு! அந்தக் கயிறு இல்லை! தாண்டு! இப்போ தாண்டாதே!" அக்கம்பக்கத்துக் கேப்டன்கள் டீக்கோப்பையோடு வெளியே வந்து நின்று ரசிப்பார்கள், அவர்கள் கூத்து காலையிலேயே முடிந்திருக்கும். கத்தாமல் பேசிக்கொள்ளக் கம்பியில்லா ஹெட்செட் விற்கிறார்கள். படகுக்காரர்களிடையே அதற்குத் 'திருமணம் காப்பான்' என்றே பெயர். இவர்களும் ஒரு ஜோடி வாங்கினார்கள். முன்பு துறை முழுக்கக் கேட்டது இப்போது அம்மணியின் காதுக்குள் நேராகக் கேட்டது.

அம்மணிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பியூஃபோர்ட் அளவில் காற்று 4-ஐத் தாண்டினால் வரமாட்டார். ஆகவே நள்ளிரவு தாண்டி 12:48-க்கு பிபிசி ரேடியோ 4-இல் கடல் வானிலை வாசிக்கும்போது கேப்டன் படுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். 'வைட்' வட்டாரம் வருவதற்குள் தூங்கிவிடுவார். மறுநாள் காலை அம்மணிதான் சொல்வார், "தென்மேற்கு, 5. நீங்க போயிட்டு வாங்க."

இப்படிக் கேட்டுக் கேட்டு அம்மணிக்கு ருசி தட்டியிருக்க வேண்டும். ஒரு வசந்தத்தில், கேப்டன் படகின் அடியில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டிக்கொண்டிருந்த வாரத்தில், அம்மணி யாரிடமும் சொல்லாமல் போய் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டிப் பயிற்சியை 5 நாளில் முடித்துச் சான்றிதழோடு வந்தார். குடும்பத்திலேயே கடலோடத் தகுதி பெற்றதற்குக் காகிதம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அடுத்த ஞாயிறு சுக்கானை அவர் பிடித்தார். படகு துறையில் வந்து ஒட்டியது, சத்தமில்லை. டீக்கோப்பைக்காரர்கள் ஏமாந்து உள்ளே போனார்கள்.

பதிவேட்டில் கேப்டன் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? 40 வருஷம் ஆபீஸ் பார்த்தவருக்கா வழி தெரியாது? மனைவியின் பெயரை எழுதிவிட்டு, மேலே புதிதாக ஒரு கோடு போட்டுத் தமக்கு அட்மிரல் என்று பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். அட்மிரலின் பொறுப்புகளும் அதிலேயே வரிசையாக இருக்கின்றன: கயிறு, டீ, கழிப்பறை பம்ப்.