ஆலன் கீ அண்ணன்

எந்த ஊர் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனாலும் சுடாத ஒருவர் இருப்பார். எல்லா லேனிலும் ஆட்கள் விறைத்து நின்று குறிபார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ரைஃபிளை மேஜையில் படுக்கவைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பட் பிளேட்டுக்கு அடியில் ஏதோ ஒரு திருகைக் கால் சுற்று தளர்த்திக்கொண்டிருப்பார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஆலன் கீ அண்ணன். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. வருத்தமில்லை. ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஆறு வரை அறுகோணச் சாவிகளைக் கொத்தாக இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு அது பட்டப்பெயர் அல்ல, பதவி.

அவரிடம் இருப்பது பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். தென்னந்தோப்பில் அணில் விரட்டுவார்களே, அந்த ஏர் கன்னா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பதில் முடியும்வரை உட்கார வேண்டியிருக்கும். இது 1984 லாஸ் ஏஞ்சலிஸ் முதல் ஒலிம்பிக்கில் இருக்கிற சமாசாரம். 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர், 4.5 மி.மீ. ஈய பெல்லட், பத்து மீட்டர் தள்ளி ஒரு டார்கெட், அதன் நடுவே அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியை உரசினால் பத்து. அதோடு விட்டிருந்தால் அண்ணன் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். பத்துக்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தசமம் வைத்துவிட்டார்கள். அறுபது குண்டுக்கு உச்சம் 654. அந்தத் தசமத்தில்தான் அண்ணன் காலூன்றி நிற்கிறார். 9.2 சுடுகிற மனிதருக்கு 10.3க்கும் 10.4க்கும் உள்ள வித்தியாசம் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியும்.

ரைஃபிள் செய்கிற ஜெர்மன்காரனும் சும்மா இருக்கவில்லை. கன்னம் வைக்கும் கட்டை ஏறும், இறங்கும், சாயும். தோளில் பதியும் பட் பிளேட் நீளும், வளையும். கைப்பிடி சுழலும். ட்ரிகர் நாக்கு முன்னே போகும், பின்னே வரும். அதன் முதல் இழுப்புக்கு ஒரு திருகு, இரண்டாம் இழுப்புக்கு ஒரு திருகு. முன் சைட்டின் வளையம் கூடச் சுருங்கி விரியும். எந்த உடம்புக்கும் பொருந்தட்டும் என்று அவன் நல்ல மனதோடு வைத்தது. ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துவிட வேண்டும் என்பதை மட்டும் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போடத் தவறிவிட்டான்.

"என்ன அண்ணா, இன்னைக்கு எத்தனை ஷாட்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"ஷாட்டா? செகண்ட் ஸ்டேஜ்ல ஒரு க்ரீப் இருக்குப்பா. அதை எடுக்காம சுடறது பாவம்."

அந்த க்ரீப்பை, அதாவது ட்ரிகர் விடுபடுமுன் லேசாக இழுபடுவதை, அவரைத் தவிர யாரும் உணர்ந்ததில்லை. கோச் ஒருநாள் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்றார். அன்றிலிருந்து கோச்சின் விரல் மீது அண்ணனுக்கு மரியாதை குறைந்துவிட்டது.

பெல்லட் விஷயத்துக்கு வருவோம். டப்பாவுக்கு ஐந்நூறு. தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கிறார்கள். ஒரே அளவிலும் ஒவ்வொரு லாட் ஒவ்வொரு குணம். எந்த லாட் எந்த பேரலுக்கு ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். இது உண்மை. பெரிய வீரர்களும் டெஸ்ட் செய்துதான் மொத்தமாக வாங்குவார்கள். அண்ணன் அங்கிருந்து இன்னும் நாலடி போனார். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒவ்வொரு பெல்லட்டாக எடை போடுகிறார். ஏறத்தாழ அரை கிராம் ஈயம். 0.53 ஒரு கிண்ணம், 0.54 ஒரு கிண்ணம், மற்றவை மூன்றாம் கிண்ணம். மூன்றும் வீட்டு எவர்சில்வர் கிண்ணங்கள். ஈயம் கை வைத்த கிண்ணத்தில் இனி பாயசம் ஊற்ற முடியாது என்று அண்ணனின் மனைவியான அக்கா கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். அதில் அக்கா பக்கம்தான் நியாயம்.

அக்காவுக்கு ரைஃபிளின் விலை தெரியாது என்பது அண்ணனின் நம்பிக்கை. ஒரு சைபரைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அக்காவும் நம்பியதாக நடந்துகொள்கிறார். "அவ்வளவுதானேங்க, எனக்கும் அந்த விலைக்கே ஒரு நெக்லஸ் பார்த்து வெச்சிருக்கேன்" என்று அவர் சொன்ன அன்று, அண்ணன் ராத்திரி ரொம்ப நேரம் பேரலுக்குள் துணிக் குச்சி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வெடிமருந்தே இல்லாத ரைஃபிள், காற்றில் சுடுவது. கரி ஒட்டாது, எப்போதாவது துடைத்தால் போதும். ஆனால் வீட்டில் சிக்கல் வருகிற நாளில் எல்லாம் பேரலிலும் அழுக்கு வந்துவிடுகிறது.

அவருக்கு வேதவாக்கு அபினவ் பிந்த்ராவின் பெய்ஜிங் கதை. 2008 ஒலிம்பிக் இறுதிச்சுற்றுக்கு முன்னால் சரிபார்ப்பதற்காகச் சுட்ட குண்டு எங்கோ விலகிப் போனது, சைட் நகர்ந்திருந்தது. பிந்த்ரா அந்தச் சில நிமிடங்களுக்குள் சைட்டைத் திருப்பிச் சரிசெய்து, முதல் குண்டை 10.7இலும் கடைசிக் குண்டை 10.8இலும் வைத்து, தகுதிச்சுற்றும் இறுதிச்சுற்றும் சேர்த்து 700.5 புள்ளியோடு தங்கம் வாங்கினார். கதையின் பிற்பாதியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு முற்பாதி போதும். "பிந்த்ராவுக்கே சைட் நகர்ந்துச்சு. எனக்கு நகராதா?" என்பார், 8.9ஐப் பார்த்தபடி.

அதே பிந்த்ரா, பெய்ஜிங்கின் பெரிய அரங்கத்துக்குக் கண்ணைப் பழக்க ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தவர். கேள்விப்பட்ட வாரமே அண்ணனும் இரண்டு மண்டபங்களுக்குப் போன் போட்டார். "பொண்ணா பையனா சார்?" என்று மேனேஜர் கேட்க, "ரைஃபிள்" என்று இவர் சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்தது.

அண்ணன் பர்ஸில் லேமினேட் செய்த ஒரு சின்ன அட்டை இருக்கிறது. புது ரைஃபிளோடு தொழிற்சாலை அனுப்பும் டெஸ்ட் அட்டை. இயந்திரத்தில் இறுகப் பிடித்துச் சுட்டது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள். பிள்ளைகளின் படத்துக்கு முன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார். "பார்த்தீங்களா, என்னோட குரூப்." பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். ரைஃபிளைத் தனியாக விட்டால் பிரமாதமாகச் சுடுகிறது, நடுவில் ஓர் ஆள் வந்துதான் குழப்புகிறார் என்பதற்கு அதைவிட எழுத்துமூலமான சாட்சி கிடையாது. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டே ஊரெல்லாம் சுற்றுகிற தைரியம் எனக்கெல்லாம் வராது.

வருடத்துக்கு ஒரு போட்டிக்கு அவரும் பெயர் கொடுப்பார். அன்று கேன்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ஜாக்கெட், அதே துணியில் பேன்ட், தட்டையான அடியோடு பூட்ஸ். மடங்காத முழங்காலோடு நம் சித்திரை வெயிலில் காரிலிருந்து இறங்கி வருவதே ஒரு காட்சி. முதலில் எக்விப்மென்ட் கன்ட்ரோல். ரைஃபிள் 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அண்ணன் விமானப் பயணிகள் பெட்டி நிறுக்கும் தராசில் வீட்டிலேயே தொங்கவிட்டுப் பார்த்து, 5.49 வரும்வரை எடைத் துண்டுகளைப் பேரலில் சேர்த்திருந்தார். இங்கே 5.52.

"இருபது கிராம்தானே சார், ஒண்ணைக் கழட்டிடுங்க" என்றார் நடுவர்.

இருபது கிராம்தானே! மூன்று மாதம் தவமிருந்து பிடித்த பேலன்ஸ். கழற்றினார். பேலன்ஸ் போச்சு என்று கன்னக் கட்டையை இறக்கினார். அது இறங்கியதும் சைட் உயரமாகத் தெரிந்தது. சைட்டைத் தணித்ததும் பட் பிளேட் உறுத்தியது. சரிபார்க்கும் நேரம் பதினைந்து நிமிடமும் இப்படியே போயிற்று. பிறகு 75 நிமிடத்தில் அறுபது குண்டு. பக்கத்து லேனில் கிளப் ரைஃபிளை வாங்கிச் சுட்ட பிள்ளை நாற்பதாவது குண்டில் இருந்தபோது அண்ணன் பதினொன்றாவதில் இருந்தார், கையில் மூன்று மில்லிமீட்டர் சாவியோடு. கடைசிப் பத்து நிமிடத்தில் வேறு வழியில்லாமல் எதையும் தொடாமல் மடமடவென்று சுட்டுத் தள்ளினார். அன்றைய அவருடைய பத்துகளில் முக்கால்வாசி அங்கேதான் விழுந்தன. ஸ்கோர் ஷீட்டில் அதைக் கோச் விரல் வைத்துக் காட்டினார்.

அண்ணன் யோசித்தார். "அப்போதான் சார் ட்ரிகர் செட் ஆகியிருக்கு" என்றார்.

அதற்கடுத்த வாரம் முடிவு செய்துவிட்டார்: தப்பு மாடலிலேயே இருக்கிறது. ஷூட்டர்கள் வாட்ஸப் குழுவில் விளம்பரம் போட்டார். சிங்கிள் ஓனர், ஒரிஜினல் கேஸ், டெஸ்ட் அட்டை உண்டு, அதிகம் சுடாதது. அவர் எழுதியதிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசகம் அந்தக் கடைசி ஒன்றுதான்.

ஈரோட்டிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். அப்பா பணத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். பையன் ரைஃபிளை எடுத்துத் தோளில் வைத்தான், கன்னத்தை வைத்தான், "சரியா இருக்குண்ணா" என்றான். எதையும் திருகிப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு அங்கேயே முகம் சுருங்கியது.

"தம்பி, தினம் எவ்வளவு நேரம் பிராக்டிஸ்?"

"காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்ணா. ஒரு இருநூறு ஷாட் போயிடும்."

"இருநூறா? தினமுமா?" அண்ணன் ரைஃபிளை மெதுவாக வாங்கிக் கேஸில் வைத்து மூடினார். பையனின் அப்பாவிடம் திரும்பி, விலையில் இருபதாயிரம் ஏற்றிச் சொன்னார்.