மூன்றாம் கடைவாய்ப்பல் குற்றமற்றது என நிறுவும் ஆய்வு

வாயில் 32 பற்களுக்கு இடம் உண்டு என்பது பாடநூல்கள் பரப்பிவரும் வதந்தி. 6 வயதில் முதல் கடைவாய்ப்பல்லும் 12இல் இரண்டாவதும் வந்து வசதியாக உட்கார்ந்துவிடுகின்றன. 17க்கும் 25க்கும் இடையே வரும் மூன்றாவது, அதாவது ஞானப்பல், நுழைய வழியின்றிப் பக்கத்துப் பல்மேல் சாய்கிறது. அல்லது பாதி முளைத்து, மேலே மூடிய ஈறுமடிப்புக்குள் சோற்றுப் பருக்கைகளைச் சேர்த்துவைத்துக் கன்னத்தை வீங்க வைக்கிறது. ஊரே பல்லைத் திட்டுகிறது. பல் நிரபராதி, குற்றவாளி இட்லி என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கீழ்த்தாடையில் ஞானப்பல்லுக்கான இடம் பிறவியிலேயே ஒதுக்கப்பட்டதன்று. தாடையெலும்பு காதை நோக்கி மேலேறும் பகுதியின் முன்விளிம்பு, வளரும் பருவத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து பின்வாங்குகிறது. அப்படிக் கிடைக்கும் வெளியில்தான் கடைவாய்ப்பற்கள் குடியேறுகின்றன. பல்லின் அளவைப் பெரும்பாலும் மரபணு முடிவுசெய்துவிடுகிறது. தாடையின் நீளமோ சிறுவயதில் மென்றதற்கும் ஓரளவு கடன்பட்டது. வேட்டையாடி உண்டவர்களின் கீழ்த்தாடை உழுது உண்டவர்களுடையதைவிட நீண்டிருந்ததை 2011இல் ஆய்வாளர் நோரீன் வான் கிராமன்-டாபடெல் பல இனக்குழுக்களின் மண்டையோடுகளை ஒப்பிட்டுக் காட்டினார். இட்லியைப் பொறுத்தவரை, மெல்லும் வேலையை ஆட்டுக்கல்லும் ஆவியுமே முடித்துவிடுகின்றன. மிச்சத்தைச் சாம்பார் பார்த்துக்கொள்கிறது. தாடை வளர்வதற்கு என்ன முகாந்திரம்?

இட்லியை அறியாத அரிஸ்டாட்டிலும் ஞானப்பல் வலியைக் குறித்திருக்கிறாரே, 80 வயது கடந்த பெண்களுக்குக்கூட அது முளைத்ததாக எழுதியிருக்கிறாரே என்று சிலர் மடக்கலாம். ஆணைவிடப் பெண்ணுக்குப் பல் குறைவு என்றும் எழுதியவர் அவர். பல் வழக்கில் அவர் சாட்சியம் எடுபடாது. எடுபட்டாலும் நட்டமில்லை. கிரேக்கர்களும் பார்லியை அரைத்துத்தான் உண்டார்கள். ஆட்டுக்கல்லுக்கு அங்கும் பங்காளிகள் இருந்தார்கள். இட்லியிலேயே வளர்ந்தும் ஞானப்பல் தொல்லையே இல்லாதவர்கள் உண்டே என்பது அடுத்த ஆட்சேபம். அவர்களில் பலருக்கு அப்பல் உருவாவதே இல்லை, அது மரபணுவின் சமாச்சாரம். வராத விருந்தாளிக்கு இலை போதவில்லை என்று யாரும் புகார் சொல்வதில்லை.

நோயற்ற ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2000இலேயே வழிகாட்டிவிட்டது. அது இட்லியைப் பற்றி வாய் திறக்காதது வருத்தமே. சரி, தீர்ப்புதான் என்ன? சீடை, முறுக்கு, கரும்பு ஆகியவற்றைப் பால்பல் பருவத்திலேயே விதிக்க வேண்டும். தாடை வளர்ந்து முடிந்த 20 வயதில் முறுக்கைக் கடித்தால் ஞானப்பல்லுக்கு இடம் கிடைக்காது. பல் மருத்துவருக்கு வேறொரு பல்லில் வேலை கிடைக்கும்.