பல்லுள்ள பத்திரம்

வெள்ளைக்காரனின் நாகரிகத்தைக் குறை சொல்லக் கூடாது. அடிமை என்ற சொல் லண்டன் சீமான்களின் காதுக்குக் கூசியது. 1833இல் அதை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள். ஆனால் பினாங்குத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், நிபோங் திபால், பத்து காவான் பக்கம் கரும்பு போட்ட துரைகளுக்கு ஆள் வேண்டுமே! சட்டப் புத்தகத்திலிருந்து 'இண்டென்சர்' இறங்கி வந்தது.

லத்தீனில் அதன் வேர், பல். ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு தரம் எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுப்பார்களாம். வழக்கு வந்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களாம். எவ்வளவு சமத்துவம்! நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் ஆளுக்கும் அது கிடைத்தது: எழுதியது துரை, படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தது இவன். துரை தவறினால் அபராதத்தோடு போகும். இவன் தோட்டத்தை விட்டு ஓடினால் ஜெயில். பல் யாரைக் கடித்தது என்று சொல்லவும் வேண்டுமா? சனங்கள் லத்தீனுக்கெல்லாம் போகவில்லை, 'சஞ்சிக்கூலி' என்றார்கள்.

1910இல் மலாயாவில் அந்த முறையை நிறுத்தினார்கள். மனம் இரங்கி என்று எண்ணிவிடாதீர்கள். ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகளே ஆள் பிடித்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. ஜார்ஜ் டவுனுக்கு 2008இல் யுனெஸ்கோ பட்டமும் கிடைத்தாயிற்று. கூலி மட்டும் விமானத்தில் வருகிறான். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் கழுத்தில். ஒப்பந்தம் புரியாத மொழியில். கடப்பிதழ் முதலாளியின் மேசை டிராயரில். கேட்டால், "தொலைச்சிடுவேப்பா, பத்திரமா இருக்கட்டும்." அடடா, என்ன தாயன்பு! அடுத்தவர் கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அது அரை நூற்றாண்டுக்கு மேல் புத்தகத்தில் சுகமாகத் தூங்கியது. கட்டாய உழைப்பைச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை 2020இல் சில மலேசிய நிறுவனங்களின் கையுறையையும் பாமாயிலையும் தடுத்தது; டாலர் நின்றதும் நம் மனசாட்சி கொட்டாவி விட்டு எழுந்தது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றமானது 2023 ஜனவரி 1 முதல்தான்.

துரையைத் திட்டுவது சுலபம், அவன் போய்விட்டான். சஞ்சிக்கூலியின் பேரன் நடத்தும் கடையிலும் அந்த டிராயர் இருக்கிறதே, அதை என்ன சொல்ல? முதலாளி, தாத்தா படத்துக்கு மாலை போடுவது இருக்கட்டும். டிராயரைத் திறந்து அந்தப் பையன்களின் கடப்பிதழை இன்றைக்கே அவர்கள் கையில் கொடுங்கள்.