எறும்பு வேலி

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் சீனி வைத்திருந்த எவரும் எறும்பைப் பற்றி விளையாட்டாகப் பேசியதில்லை. சீனி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்று, கடதாசிச் சரையில் வாங்கிவரும் அந்தக் கொஞ்சச் சீனி ஒரு வீட்டின் கௌரவம். விருந்தாளி வந்தால் அவருக்குச் சீனி போட்ட தேநீர். வீட்டாருக்கு, குட்டானிலிருந்து உடைத்தெடுத்த பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர். அப்படியிருக்க, விருந்தாளிக்கும் முன்னால் எறும்பு வந்து பங்கு கேட்டால் எந்தக் குடும்பத் தலைவிதான் பொறுப்பாள்?

அம்மா பொறுக்கவில்லை. சீனிப் போத்தல் நின்ற அலமாரியின் நான்கு கால்களும் பாதியாக வெட்டிய ரின்பால் பேணிகளுக்குள் நின்றன. பேணிகளில் தண்ணீர். தண்ணீர் மட்டும் போதாது. நாலு நாளில் தூசி படிந்து மேலே ஆடை கட்டிவிடும், சிற்றெறும்புக்கு அது பாலம். ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு துளி மண்ணெண்ணெய். அலமாரி சுவரில் முட்டக் கூடாது, அதன்மேல் துவாய் தொங்கக் கூடாது, பக்கத்தில் விளக்குமாறு சாத்தக் கூடாது. விதியை மீறியவர் யார் என்று அம்மா விசாரித்ததே இல்லை. எறும்பு வரிசை எந்த வழியாக ஏறியிருக்கிறது என்று பார்ப்பார், பிறகு நேராக என்னிடம் வருவார்.

வாசலில் போடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கு நாம் இடும் உணவு என்று பின்னாளில் மேடைகளில் உருகிப் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் குசினியில் எறும்புக்கு இட்டது மண்ணெண்ணெய். அதையும் தாண்டி ஒன்றிரண்டு தேநீரில் மிதந்தால் ஆச்சியிடம் ஒரு சமாதானம் இருந்தது: “குடி மோனை, எறும்பு திண்டால் கண் தெரியும்.” அந்த வைத்தியம் எனக்குப் போதிய அளவு நடந்திருக்கிறது. இன்று வாசிக்க ஒரு கண்ணாடி, வாகனம் ஓட்ட வேறொரு கண்ணாடி.

அந்த வாகனம் இழுப்பதற்கென்று இப்போது என் வீட்டு முன்றலில் ஒரு கரவன் நிற்கிறது. மெல்பேர்ணில் கரவன் நிற்காத தெரு குறைவு. நாட்டில் செய்யப்படும் கரவன்களில் பெரும்பாலானவை இந்த நகரின் வடக்கே, கம்பல்ஃபீல்ட் பக்கத்துப் பட்டறைகளிலிருந்துதான் வருகின்றன. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, காஸ் அடுப்பு, குளிக்கத் தூவான் எல்லாம் வைத்த சக்கர வீடு. ஓய்வு பெற்ற அவுஸ்திரேலியர்கள் இதை இழுத்துக்கொண்டு கண்டத்தைச் சுற்றுவார்கள். நரைத்த நாடோடிகள் என்று அவர்களுக்குப் பெயர். நரை எனக்கு முன்பே வந்துவிட்டது, மற்றதைத்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

வாங்கிய நேரம் விசேஷமானது. 2020 மார்ச்சில் நாட்டின் எல்லையை மூடினார்கள். ஊருக்குப் போக முடியாது என்றானதும், உள்நாட்டையாவது பார்ப்போம் என்று ஆளாளுக்குக் கரவனுக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடி ஜூலையில் ஒன்றைப் பிடித்தோம். ஆகஸ்டில் மெல்பேர்ண்காரர் எவரும் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்கு அப்பால் போகக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. எங்கும் போகக்கூடிய வீடு வாசலிலேயே நின்றது. எங்கும் போகாமல் நிற்கும் எதன்மேலும் எறும்புக்கு ஓர் ஆர்வம் உண்டு.

கரவன் வாழ்க்கையைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். சாவகச்சேரியில் பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கை, வெளியே மூன்று கல் அடுப்பு, தண்ணீருக்கு வாளியோடு வரிசை, கக்கூசுக்கு அதைவிட நீண்ட வரிசை. அப்போது எறும்பைத் தடுக்க அலமாரியும் இல்லை, எறும்பு தேடிவரச் சீனியும் இல்லை. மண்ணெண்ணெயோ ஜாம் போத்தல் விளக்குக்கே சொட்டுக் கணக்கு. இன்று கரவன் பார்க்கில் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு பொதுக் குளியலறை வாசலில் நிற்கிறேன். தண்ணீரை நானே பிடித்து, கழிவை நானே கொண்டுபோய் ஊற்றி, முன்பின் தெரியாத குடும்பங்களுக்கு நடுவே படுக்கிறேன். ஒரே வித்தியாசம், இதற்கு முன்பதிவு வேண்டும். பாடசாலை விடுமுறை நாளென்றால் கட்டணமும் இரட்டிப்பாகும்.

மனுசி இதை முதல் நாளே சொல்லிவிட்டா. “காசு குடுத்து இடம்பெயர்ந்த ஆக்கள் நாங்கள்தான்.”

சரி, எறும்பு. நிற்கும் கரவன் தரையைத் தொடும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் யாராயினும் அவர் எறும்பால் பாதிக்கப்பட்டவராகத்தான் இருப்பார். இரண்டு அச்சுக் கரவனுக்கு ரயர் நான்கு. ஆடாமல் நிற்க மூலைகளில் இறக்கிவிடும் இரும்புக் கால்கள் நான்கு. முன்னே இழுவைச் சட்டத்தைத் தாங்கும் சின்னச் சக்கரம் ஒன்று. போதாததற்கு மின்வயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய். யூக்கலிப்டஸ் கிளை ஒன்று கூரையை உரசினால் அது ஆகாயப் பாதை. அம்மாவின் அலமாரிக்கு நாலே கால், சுவரும் தொடாது. அவர் இந்தக் கரவனைப் பார்த்திருந்தால் சீனியை வேறெங்காவது வைக்கச் சொல்லியிருப்பார்.

இதில் வேடிக்கை, கரவனில் சீனியே கிடையாது. எனக்கும் மனுசிக்கும் நீரிழிவு. கோப்பி சீனியில்லாத கோப்பி, பிஸ்கற் உப்புப் பிஸ்கற். அப்படியிருந்தும் ஒரு கோடைக் காலையில் மேல் தட்டைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, இரண்டுக்கும் இடையே சட்டங்களும் காப்புநுரையும். இருட்டு, கதகதப்பு, மழை நனையாது. அவை வந்தது சாப்பாட்டுக்கு அல்ல, குடியேற.

கரவன்காரர்களிடம் வைத்தியம் கேட்டால் போதும், மடிப்புக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரும்புக் காலில் வசலின் வளையம் பூசு. பூசினேன், தூசி படிந்து ஆடை கட்டியது, அம்மாவின் பேணித் தண்ணீருக்கு நடந்த அதே கதை. ரயரைச் சுற்றி முகப்பவுடர் தூவு, கால் வழுக்கி ஏற முடியாது. உண்மைதான், விடியற்பனி பெய்யும்வரை. முன் சக்கரத் தண்டில் நாய்க்குக் கட்டும் உண்ணிப்பட்டியைக் கட்டு. நாயில்லாத வீட்டுக்கு நாய்ப்பட்டி வாங்கப் போனபோது கடைப்பெண் நாயின் எடையைக் கேட்டா. இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. கறுவாத்தூள் யோசனையும் வந்தது. கறுவா விளையும் தீவிலிருந்து வந்தவனுக்குக் கறுவாவின் மகிமையை விளக்கியவர் அதில் நம்பிக்கையோடுதான் இருந்தார்.

எதிராளி யாரென்று தெரியாமல் நடந்த போர் அது. பிறகுதான் படித்தேன். எங்கள் பகுதிப் பழுப்பெறும்பு ஆர்ஜென்டீனா எறும்பு. சொந்த ஊர் தென்னமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகை. மெல்பேர்ணில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு 1939. இந்த ஆண்டைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் என் நிறத்தில் ஒருவர் இந்தத் துறைமுகத்தில் குடியேற வந்து இறங்கியிருந்தால், அதிகாரி தான் விரும்பிய ஒரு மொழியில் ஐம்பது சொல் கொண்ட பந்தியை வாசித்து, சொல்வதெழுதச் சொல்லியிருப்பார். பிழைவிட்டால் திருப்பி அனுப்பலாம். பிழைவிட வைப்பதற்கென்றே வைத்த பரீட்சை அது. 1901இல் வந்த சட்டத்தின் அந்த ஏற்பாடு 1958 வரை உயிரோடிருந்தது. பழுப்பு நிற எறும்போ ஒரு சொல்லும் எழுதாமல் உள்ளே போய், நான் வருவதற்குள் நகரத்தையே பிடித்துவிட்டது.

நகரத்தையே என்பது மிகையில்லை. சொந்த நாட்டில் இந்த எறும்பு நம் ஊராட்களைப் போலத்தான், பக்கத்துப் புற்றுக்காரரைக் கண்டால் கடித்துக் குதறும். யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நட்டு, அதற்காக இரண்டு தலைமுறை வழக்குப் பேசிய குடும்பங்களை நான் அறிவேன். அந்த ரகம். ஆனால் கடல் கடந்து வந்த கூட்டம் சிறியது. அதன் சந்ததி எல்லாம் நெருங்கிய உறவு, உடம்பின் வாசனையும் ஏறத்தாழ ஒன்று. வாசனை ஒன்றென்றால் எதிரி என்று தோன்றாது. ஆகவே ஒரு புற்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் விட்டாலும் சண்டை வராது. மெல்பேர்ணின் அடியில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் அகலத்துக்கு இப்படி ஒரே குடும்பமாகப் பரந்திருப்பதை ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்தார்கள். ஐரோப்பாவில் இத்தாலியிலிருந்து ஸ்பெயினின் அத்லாந்திக் கரைவரை 6,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு குடும்பம் உண்டு.

ஊரில் அடிபட்டு வெளிநாட்டில் ஒன்றாகிய இனம். நாங்கள் ஊரிலும் அடிபட்டோம். வந்த இடத்தில் சங்கம் வைத்தோம், அது இரண்டானது, இரண்டும் ஒரே சனிக்கிழமையில் பொங்கல் விழா வைக்கின்றன. இரண்டுக்கும் நான் நன்கொடை கொடுக்கிறேன். மேற்கொண்டு கருத்துச் சொல்வதற்கில்லை.

கடைசியில் கைகொடுத்தது கரம் போர்ட். போரிக் பவுடர். ஊரில் கரம் பலகையில் காய் வழுக்கத் தூவுவோமே, அதே சாமான். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது, திரவம்தான் இறங்கும். உணவு தேடிப் போகும் எறும்பு அதை வயிற்றில் நிரப்பி வந்து, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். ராணிக்கும் குஞ்சுகளுக்கும் அப்படித்தான் போய்ச் சேரும். இந்த எறும்புக்கு ஒரு புற்றில் ராணிகளும் பல. ஆகவே சீனிப்பாகில் போரிக்கை ஒரு வீதத்துக்கு மேற்போகாமல் கலக்க வேண்டும். கூட்டிப் போட்டால் வந்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். குறைத்துப் போட்டு, பொறுத்திருந்து, நூற்றுக்கணக்கில் வரிசையாக வந்து குடித்துவிட்டுப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். துடைக்கக் கூடாது, விரட்டக் கூடாது.

சீனிப்பாகு காய்ச்சியபோது மனுசி அடுப்படிக்கு வந்தா.

“இது ஆருக்கு?”

“எறும்புக்கு.”

“எங்களுக்கு இந்த வீட்டில ஒரு தேக்கரண்டி சீனி இல்லை. அதுக்குப் பாகோ?”

“மருந்து கலந்திருக்கு.”

“எங்கட கோப்பிக்கும் மருந்துதான் போடுறம்,” என்று இனிப்பு வில்லைப் பெட்டியை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனா.

பாகு வேலை செய்தது. கொஞ்ச நாளில் கோடு மெலிந்து அறுந்தது. எல்லை திறந்து, கட்டுப்பாடு தளர்ந்து, கரவனும் ஒருவழியாக நகர்ந்தது. மரே ஆற்றங்கரையில் எச்சூக்காவுக்குப் போனோம். பக்கத்து இடத்தில் இன்னொரு கரவன், அதன் வாசலில் சாரத்தோடு ஒருவர். கேள்விகள் வழக்கமான ஒழுங்கில் வந்தன: ஊரில எவ்விடம், எந்தப் பள்ளிக்கூடம், இன்னாரைத் தெரியுமோ. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். பின்னேரம் கரம் போர்ட்டும் விரித்தாயிற்று. அண்ணை அண்ணை என்று மூன்று ஆட்டம் விளையாடினோம்.

மறுநாள் காலை அவர் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட வயரில இருந்து எங்கட பக்கம் எறும்பு வருது.”

அது மெல்பேர்ணிலிருந்து எங்களோடு வந்ததாக இருக்கலாம். இந்த எறும்பின் ராணி பறந்துபோய்க் குடியேறுவதில்லை, தூரம் போவதெல்லாம் மனிதர் வண்டியில்தான். ஒரு ராணியும் சில தொழிலாளிகளும் இருந்தால் புதிய ஊர் தொடங்கிவிடும். ஆனால் இதையெல்லாம் அவரிடம் ஏன் சொல்வான்?

“அது ஆத்தங்கரை எறும்பு, தம்பி. உங்கட பக்கமிருந்துதான் எங்களுக்கு வருது,” என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கரம் போர்ட்டுக்கு வைத்திருந்த பவுடர் டின்னை எடுத்துவந்து, இரண்டு கரவனுக்கும் நடுவே புல்லின்மேல் வெள்ளையாக ஒரு கோடு போட்டார். கோடு எங்கள் பக்கம் அரை அடி தள்ளி இருந்தது. நான் எங்கள் இடத்தின் இலக்கத்தூணிலிருந்து எட்டு வைத்துப் பார்த்தேன். மனுசி உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துவந்து தந்தா.